பழச்சர்க்கரைக்கு முளைத்த வால்

பழச்சர்க்கரைக்கு வால் முளைத்திருந்தது.

தேனில் உள்ள சர்க்கரைகளில் அதுதான் பெரிய தலை. மெஷினின் திரையில் ஒவ்வொரு சர்க்கரையும் ஒரு மேடாக எழும்பும், ஏறின வேகத்தில் இறங்கியிருக்க வேண்டும். இதுவோ ஏறியது, பிறகு இறங்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று இன்னும் ஒரு பேச்சு, இன்னும் ஒரு பேச்சு என்று நீட்டும் உறவுக்காரர்களை நாம் பார்த்ததில்லையா, அந்த மாதிரி. ஆய்வுக்கூடத்தில் இதற்கு வால் என்றுதான் பெயர். வால் இருந்தால் எங்கோ கோளாறு. தேனிலா, மெஷினிலா என்பதுதான் கேள்வி.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளைக் கூடத்தில் மோப்பம் என்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் தெரியும். யார் முதலில் வைத்த பெயர் என்று இன்னும் துப்பறிந்துகொண்டிருந்தாள். குட்மார்னிங் சொன்னால் இவன் ஏன் இன்றைக்குச் சொல்கிறான் என்று யோசிக்கிற ஜாதி அவள். உணவுப் பொருள்களில் கலப்படம் பார்ப்பது வேலை. மற்றவர்கள் சந்தேகப்பட்டால் வியாதி என்கிறோம், இவளுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இந்தத் தேன் வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் கதையே இல்லை. தங்கை புருஷனுடைய தேன். பெரிய கடை ஒன்று அவருடைய மொத்த விளைச்சலையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சுத்தமான தேன்தானா என்று பார்க்க இந்தக் கூடத்துக்கு அனுப்பியிருந்தது. அவள் ஒளிக்கவில்லை. குப்பி வந்த அன்றே மேலாளரிடம் போய், "சார், இது எங்க மாப்பிள்ளையோடது. வேற யாராவது பாக்கட்டும்" என்றாள்.

மேலாளருக்குக் கமா என்று பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார்.

"வேற யாரு இருக்கா, சர்க்கரையத் தனித்தனியாப் பிரிக்கிற இந்த ஐசி மெஷின ஓட்டத் தெரிஞ்சவங்க, நீங்கதானே, நீங்களே பாருங்க, நான் பக்கத்துல இருந்து கையெழுத்துப் போடுறேன், ஆனா பாத்து,"

அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. சந்தேகப்படுகிறவளுக்குச் சந்தேகத்தின் வாடை தெரியாதா?

ஆனால் கமா நினைத்தது தலைகீழ். மாப்பிள்ளையைக் காப்பாற்றும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. கல்யாணத்தன்றே அந்த ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. சிரிப்பு அதிகம். எதற்கெடுத்தாலும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று தலையாட்டுவார். இப்படி எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் மனிதன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கட்சி. முதலில் மீன்தொட்டி வியாபாரம் செய்தார், பிறகு காளான் வளர்த்தார், கடைசியாகத் தேனீ. இந்த மழைக்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து, காலில் கட்டுப் போட்டு, மழை விடும்வரை படுக்கையில் கிடந்தார். பூவெல்லாம் மழையில் அழுகிப் போன பருவம். அப்படியிருந்தும் டிரம் டிரம்மாகத் தேன். எங்கிருந்து வந்தது? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவர் விஷயத்தில் முழங்கைவரை நக்கியிருப்பார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

போன வாரம் தங்கை ஃபோன் செய்திருந்தாள்.

"அக்கா, ரிசல்ட்ட நீ சொல்லக் கூடாதுன்னு தெரியும். நான் கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. அவர் அதுல எதையாவது கலந்திருந்தாருன்னா, அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன்."

"எந்தப் பெட்டிய? தேனீப் பெட்டியவா?"

"சிரிக்காத. சின்னக் குழந்தைங்க நாக்குல வைக்கிற பொருள் அது. கலப்படக்காரன்கூட என்னால குடித்தனம் பண்ண முடியாது. ஆனா அவர் அப்படி இல்ல, நீ வேணாப் பாரு."

அன்று மாலை அவள் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தாள். அம்மா போன பிறகு தங்கைக்குச் சடை பின்னிவிட்டவள் இவள்தான். அவள் திரும்பி வருவாள் என்று நினைத்தபோது வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ சந்தோஷம்தான்.

இப்போது திரையில் வால். மாட்டிக்கிட்டார் மாப்பிள்ளை, வாலை ஒட்ட நறுக்கிவிடலாம் என்று அவள் கை துறுதுறுத்தது.

இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. அடுத்தவனைக் குற்றம் சொல்லும் முன் தன் தராசைப் பார் என்பது அங்கே பாலபாடம். தேன் எதுவும் இல்லாத, கடையில் வாங்கிய தூய சர்க்கரைகளை அளந்து கரைத்த மாதிரிக் கரைசலை மெஷினுக்குள் விட்டாள். அதிலும் பழச்சர்க்கரைக்கு அதே வால். போதாக்குறைக்கு எல்லாச் சர்க்கரைகளும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன.

அப்படியானால் கோளாறு மெஷினில். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மேலாளரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெப்படி, போன மாசம் பூரா ஒழுங்கா ஓடின மெஷின், உங்க மாப்பிள்ள தேன் உள்ள போனதும், நான் தப்பா நெனைக்கல, வெளியில இருந்து பாக்கிறவங்க என்ன சொல்வாங்க, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு,"

"கூடம் கோணல்தான் சார். அளந்து காட்டுறேன்."

"காட்டுங்க, ஆனா,"

எப்படி இருக்கிறது பாருங்கள். இத்தனை வருஷம் யாரைத் திருடன் என்று மனசுக்குள் திட்டினாளோ, அவருக்கே வக்கீலாக நிற்க வேண்டியதாயிற்று.

அந்த மெஷினில் தேன் தானாக ஓடாது. காரச் சோடாவை மிகச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலைக்கொண்டு தேனை ஒரு மெல்லிய குழாய்க்குள் தள்ளுவார்கள். எலுவன்ட் என்று அதற்குப் பெயர். குழாய்க்குள் பிசின் மணிகள் அடைத்திருக்கும். ஒவ்வொரு சர்க்கரையும் அந்த மணிகளைப் பிடித்துக்கொண்டு தயங்கி, பிறகு விட்டு வெளியே வரும். தள்ளுகிற கரைசல் சுத்தமாக இருந்தால் எல்லாம் வரிசையாக வரும். அதைக் கெடுக்க இரண்டு திருடர்கள் உண்டு. ஒருவன் காற்று. காரக் கரைசல் காற்றில் உள்ள கரியமில வாயுவைக் குடித்துக் கார்பனேட் ஆகிவிடும், ஆனதும் சர்க்கரைகளை அவசரப்படுத்தி வெளியே துரத்தும். இன்னொருவன் போரான் என்கிற தனிமம். அவனுக்குப் பழச்சர்க்கரையைக் கண்டால் விட மனசு வராது. கையைப் பிடித்து இழுப்பான், வால் முளைக்கும்.

திரையில் இரண்டு பேருடைய கைவரிசையும் இருந்தது. உள்ளே விட்டது யார்?

அவள் ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டு முந்தின நாள்தான் வந்திருந்தாள். எலுவன்ட்டை வேறு யாரோ நிரப்பியிருந்தார்கள். பாலில் புரதம் பார்க்கிற பெண்ணை நிறுத்தி, "நீதான் கரைச்சியா?" என்றாள். அந்தப் பெண் இல்லவே இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாள். கண்ணைப் பார்த்துச் சொன்னதே சந்தேகமாக இருந்தது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டாள். அதற்குள் தண்ணீரை வடிகட்டும் பிசின் கிழடானால் முதலில் நழுவி வருவது போரான்தான், அப்போதும் மீட்டர் நல்ல பிள்ளையாக நல்ல எண்ணையே காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் புதுப் பிசின் போட்ட தேதியைக் காட்டினார். தேதி சரியாக இருந்தது. தேதி இவ்வளவு சரியாக இருப்பானேன் என்றும் அவளுக்குத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கடைசியில், இருக்கிற எலுவன்ட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்போம் என்று மெஷினின் தலையில் இருந்த மூடியைத் திறந்து பாட்டிலைத் தூக்கினாள். கை இறங்கியது. கனம். பிளாஸ்டிக் பாட்டில் இவ்வளவு கனக்காது.

கண்ணாடி! பளபளவென்று புதுக் கண்ணாடி.

ஆய்வுக்கூடக் கண்ணாடியில் போரான் உண்டு, சூடு தாங்குவதற்காகச் சேர்ப்பது. காரக் கரைசலை அதில் ஊற்றினால் கரைசல் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தின்றது எலுவன்ட்டில்தானே வரும்? அதோடு அந்தக் கண்ணாடியின் மூடியில் காற்றைத் தடுக்கும் வாயுக் குழாயை மாட்ட இடமும் இல்லை. காற்று ஜாலியாக வந்து போயிருக்கிறது. அவள் ஆள்களாகப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிலுக்குப் பல் கிடையாது, இளிக்காது, அதனால் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், இத யாரு மாத்தினது?"

அவர் பாட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"அது, நீங்க லீவுல இருந்தப்ப, மேலிடத்துல இருந்து பாக்க வந்தாங்க இல்ல, அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலெல்லாம் மஞ்சளாகி, கீறல் விழுந்து, அசிங்கமா, சரி, கண்ணாடின்னா பளிச்சுனு இருக்குமேன்னு,"

"நீங்களா சார்?"

"ம்," என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு கூடம் கோணல் பற்றி அவர் பேசவில்லை.

அவள் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைத் தேடி எடுத்துக் கழுவினாள். புதுக் காரச் சோடாவின் கெட்டிக் கரைசலைக் குலுக்காமல், கார்பனேட் அடியில் தங்கியிருக்கும் என்பதால் நடுவிலிருந்து மட்டும் உறிஞ்சி எடுத்தாள். தண்ணீரில் உள்ள காற்றை விரட்டிவிட்டுக் கலந்தாள். பாட்டில் தலையில் காற்றுக்குப் பதில் எதோடும் சேராமல் சும்மா கிடக்கும் வாயுவை நிரப்பி அடைத்தாள். எஞ்சிய போரான் வந்தால் பிடித்துக்கொள்ள, எலுவன்ட் வரும் வழியில் ஒரு சின்னப் பொறிக்குழாயை மாட்டினாள். எலிப்பொறி மாதிரிதான், எலி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. மேலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

மாதிரிக் கரைசலை விட்டாள். மேடு ஏறியது, இறங்கியது. வால் இல்லை.

பிறகு தேன். பழச்சர்க்கரை சமர்த்தாக இறங்கியது. "அப்ப உங்க மாப்பிள்ள தப்பிச்சாரு," என்று மேலாளர் எழுந்தார். அவள் எழவில்லை. வால் மறைத்துக்கொண்டிருந்த இடம் இப்போது வெறும் தரையாகத் தெரிந்தது. அந்தத் தரையில், கொஞ்சம் தள்ளி, சின்னச் சின்னதாக ஒரு வரிசை மேடுகள் எழும்பின. நல்ல தேனில் அவை இருக்கக் கூடாது. மாவிலிருந்து காய்ச்சும் பாகில்தான் இருக்கும்.

"உக்காருங்க சார்," என்றாள்.

கலப்படத்திலும் இரண்டு விதம் உண்டு. பாகைத் தேனில் கையால் கலந்தால் அதன் மேடுகள் அப்படியே முழுசாக நிற்கும். பாகைத் தேனீக்குக் கொடுத்து, அது தின்று கக்கியிருந்தால் மேடுகள் பாதி செரித்துச் சிறுத்துக் கிடக்கும். இரண்டுக்கும் கூடத்தில் பழைய மாதிரிகள் இருந்தன. மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தேன் இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டது. தேனீ தின்ற பாகு.

மழையில் தேனீக்குப் பாகு கொடுப்பது எல்லோரும் செய்வதுதான், பட்டினியில் சாகவிட முடியுமா? வெயில் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், அந்த அடையை எடுத்துப் பிழியக் கூடாது. இவர் நிறுத்தவில்லை. ஆகா, என்ன மூளை! கையால் கலந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தேனீயையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாரே என்று அவள் வியந்தாள்.

அறிக்கையில் அவள் கையெழுத்திட்டாள், மேலாளரும் இட்டார், அது கடைக்குப் போய்விட்டது. மாலையில் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிட நாமே சொல்லிவிடலாம் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மைக் காரணம், அந்தச் சிரிப்பு எப்படி அணைகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை சமையலறை மேஜையில் தேனடைச் சட்டங்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். நொண்டியபடியே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தங்கை அடுப்பில் டீ வைத்தாள்.

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல மாப்பிள. தேன் தேறல."

தங்கை அடுப்பை அணைத்தாள். "தேறலன்னா?"

"பாகு இருக்கு. மாவுல காய்ச்சின பாகு. ரிப்போர்ட் போயாச்சு."

அவர் சிரிப்பு அணையத்தான் செய்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த திருட்டு முழி அங்கே இல்லை. இதென்ன கணக்கு என்று புரியாமல் விழித்தார். பிறகு அவர் கண் மெல்ல நகர்ந்து ஜன்னல் திண்டில் போய் நின்றது. அங்கே வரிசையாகத் தகர டப்பாக்கள். பேக்கரிக்காரர்கள் வாங்குகிற, மாவில் காய்ச்சின குளுக்கோஸ் பாகு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் மண் போட்டுத் தங்கை செடி வைத்திருந்தாள்.

ஒரு மூச்சு நேரம்தான். அவர் கண்ணை எடுத்துக்கொண்டு, "நான்தான் அண்ணி கலந்தேன்," என்றார்.

"எப்படிக் கலந்தீங்க?"

"டிரம்ல ஊத்தி. கரண்டி போட்டுக் கிண்டி."

தங்கை இடுப்பில் செருகிய துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள், உள்ளறைப் பக்கம் திரும்பினாள். பெட்டி எடுக்கத்தான் போகிறாள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். தடுக்கவில்லை.

மோப்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த ஆளின் வாயிலிருந்து ஒரு பொய்யைப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாள். இதோ முழுசாக ஒன்று. அதுவும் தப்பான பொய். டிரம்மில் கலந்ததில்லை என்று மெஷின் சொல்கிறது. தேனீக்குப் பாகு போட்டதே இவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அதனால்தான் இப்படி உளறுகிறார். தெரிந்தது இப்போதுதான், அந்த டப்பாக்களைப் பார்த்த பிறகு. தெரிந்த கையோடு பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார், பெண்டாட்டி பெட்டியோடு போய்விடுவாள் என்று தெரிந்தும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தங்கை வந்துவிடுவாள். அலமாரித் தட்டு காலியாகத்தான் இருக்கிறது. அந்த ஆசையும் வந்தது, பொய் சொல்வானேன்.

"நில்லுடி," என்றாள். "இவர் சொல்றது பொய்."

"அண்ணி, விடுங்க," என்றார் அவர். கெஞ்சினார்.

"கையால கலந்தது இல்ல. தேனீ தின்னு கொடுத்தது. மழையில யாரு அதுங்களப் பாத்துக்கிட்டா?"

தங்கை அவளைப் பார்த்தாள், டப்பாக்களைப் பார்த்தாள். "நான்தான். மழையில ஒரு பூ இல்ல, பெட்டி பெட்டியா செத்து விழுந்துச்சுங்க. இவர் எழுந்திரிக்க முடியாம கெடந்தாரு. பாகு வச்சேன், பொழச்சுதுங்க. பூ வந்த பின்னாடியும் ஆசையா தின்னுச்சுங்க, வச்சேன். பசிச்ச வாய்க்குப் போடுறது கலப்படமா அக்கா?"

கேட்டு முடித்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்க ஏன் நீங்கன்னு சொன்னீங்க?" என்றாள்.

"சாகக் கெடந்ததுங்கள நீதானே பொழைக்க வச்ச. அது தப்புன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நான் போயிருப்பேனே!"

"தெரியும்," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கம்பி குத்திய கையை. வெகுநேரம் விடவில்லை. அக்காவுக்கு நிற்பதா போவதா என்று தெரியவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. இத்தனை வருஷமாகத் தப்பான ஆளை முகர்ந்துகொண்டிருந்தோமே என்று வந்த அழுகை.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்த மெஷின் கையால கலந்தது இல்லன்னு சொல்லாம இருந்திருந்தா, இவர் கலந்தேன்னு சொன்னத நீ நம்பியிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நாளில் ஒரு வீட்டுக்கு ஒரு பொய் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நம்பியிருப்பேன்," என்றாள். "இவர் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடியே நம்பிட்டேன்."

தங்கை தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பதில்தான் என்பது போல. டீ அடுப்பில் ஆறிக்கிடந்தது. யாரும் ஊற்றவில்லை.

"சரி, போயிட்டு வரேன்," என்று அக்கா வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். வழக்கமாகத் தங்கை தெருமுனை வரை கூடவே வருவாள், போயிட்டு வா, போயிட்டு வா என்று நாலு தரம் சொல்வாள். இன்றைக்கு நாற்காலியை விட்டு எழவில்லை. "சரி," என்றாள்.

அவள் படியிறங்கினாள். பின்னால் நொண்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"போயிட்டு வாங்க அண்ணி," என்றார் மாப்பிள்ளை.